மைக்ரோவேவ் நம்ம அடுப்படிக்கு நிஜமாவே வேணுமா?

கோவை_சிங்காநல்லூர்:

வணக்கமுங்க. வீட்டுல ரொம்ப நாளா ஒரு பேச்சு முடியாம ஓடிட்டிருக்கு. அனுபவப்பட்டவங்க சொன்னா உதவியா இருக்கும். மைக்ரோவேவ் வாங்கிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார், அத்தை வேண்டாங்கறாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் படுது.

நாங்க அஞ்சு பேர். மாமாவுக்கு 74, அத்தைக்கு 68. வீட்டுக்காரர் மில்லுல ஷிஃப்ட் வேலை. செகண்ட் ஷிஃப்ட்னா வீடு வந்து சேர ராத்திரி பதினொன்னு ஆயிடும். பொண்ணு பிளஸ் டூ. ஸ்கூல் விட்டு நாலரைக்கு வந்து சாப்பிட்டுட்டு டியூஷனுக்கு ஓடுவா. நான் வேலை முடிஞ்சு வர ஏழு மணி. மேடையில ஏற்கெனவே மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், இண்டக்‌ஷன் எல்லாம் உட்கார்ந்திருக்கு. காய் நறுக்கற இடம் மட்டுந்தான் மிச்சம்.

கடையில 20 லிட்டர் சாதா மாடல் ஆறேழாயிரம், 28 லிட்டர் கன்வெக்‌ஷன் பதிமூணு பதினாலாயிரம்ங்கறாங்க. கன்வெக்‌ஷன் எடுத்தா கேக், தந்தூரி எல்லாம் பண்ணலாம்னு கடைக்காரர் சொல்றார். வாங்கினவங்க இப்பவும் தினமும் பயன்படுத்தறீங்களா? இல்லாதவங்களுக்கு அது இல்லாம ஏதாவது நிக்குதா?

அம்பத்தூர்_தோழி:

வேண்டாம்னுதான் சொல்வேன். கன்வெக்‌ஷன் வாங்கின புதுசுல கேக், பிஸ்கட், பன்னீர் டிக்கான்னு போட்டுத் தள்ளினோம். பசங்க வளர்ந்து ஹாஸ்டல் போனதும் எல்லாம் நின்னுடுச்சு. இப்ப காபிக்குப் பால் சூடு பண்றதோட சரி, அதுக்கு அடுப்பே போதும். அந்தக் காசுல நல்ல மூணு பர்னர் அடுப்பு வாங்கலாம்.

தென்காசி_ஆச்சி:

எம்மா, நான் சொல்றதைக் கேளு. நம்ம வீட்டுல பாத்திரம் பூராவும் எவர்சில்வர். அதுல ஒண்ணைக்கூட அந்தப் பொட்டிக்குள்ள வைக்கக் கூடாதாம். அப்பம் கண்ணாடிப் பாத்திரம் தனியா வாங்கணும், ஒடையாமப் பாத்துக்கிடணும். காலைல வச்ச புளிக்குழம்பை ராத்திரி மண்சட்டியில சுண்ட வச்சா ஒரு ருசி வரும் பாரு, அதை எந்தப் பொட்டியும் தராது. பழைய சோத்துக்கு சூடே வேண்டாம், மோரும் உள்ளியும் போதும். எனக்கு இன்னொரு பயமும் உண்டு. அந்தக் கதிர் சாப்பாட்டுல தங்கிராதா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உறையூர்_பொறியாளர்:

ஆச்சி கேட்டதற்கு முதலில் பதில். இது ரேடியோ, வைஃபை வகையைச் சேர்ந்த அலை. எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி இதற்குக் கிடையாது. சாப்பாட்டில் எதுவும் தங்காது. விளக்கை அணைத்ததும் வெளிச்சம் நிற்பதைப் போல, மணி அடித்து நின்ற நொடியில் அலையும் நின்றுவிடும். வீட்டு மைக்ரோவேவ் 2,450 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ. கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் சல்லடைத் துளைகள் அதைவிட மிக மிகச் சிறியவை என்பதால் அலை அவற்றைத் தாண்டி வெளியே வருவதில்லை. கசிவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு, 5 செ.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட். விலகிச் செல்லச் செல்ல அதுவும் வேகமாகக் குறையும். கதவு கோணியிருந்தாலோ கீல் தளர்ந்திருந்தாலோ மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

சத்து போய்விடும் என்பதும் பெரும்பாலும் வீண் பயம். நிறையத் தண்ணீரில் காயை வேகவைத்து வடித்துவிடும்போதுதான் வைட்டமின் சி அதிகம் போகிறது. இதில் நேரமும் குறைவு, தண்ணீரும் குறைவு.

குழம்பு விஷயத்தில் ஆச்சி சொல்வது முழுக்கச் சரி. இந்த அலை உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டிச் சூடேற்றுகிறது. ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சட்டியின் அடியில் லேசாகப் பிடித்து, எண்ணெய் பிரிந்து வரும் ருசி அதற்கு மேற்பட்ட சூட்டில் பிறப்பது. கடுகு வெடிப்பதும் தோசை முறுகுவதும் அப்படித்தான். சாதா மாடலில் இவை நடக்கவே நடக்காது.

இதன் வரலாற்றைப் பார்த்தாலும் இது எதற்கான கருவி என்பது புரியும். 1945-ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடார் கருவிக்கான மேக்னட்ரான் (இந்த அலையை உண்டாக்கும் குழாய்) வேலையில் இருந்த பெர்சி ஸ்பென்சர், தன் பையிலிருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். அங்கே தொடங்கியது. 1947-ல் வந்த முதல் அடுப்பு ஆளுயரம், எடை 340 கிலோ. ஓட்டல்களும் கப்பல்களும்தான் வாங்கின. வீட்டு மேடையில் வைக்கும்படியான அமானா மாடல் 1967-ல் வந்தது. ஏற்கெனவே சமைத்து வைத்ததைக் கேட்ட நேரத்தில் சூடாக்கித் தருவதுதான் தொடக்கம் முதலே இதன் பலம். சகோதரி, உங்கள் வீட்டில் அந்த வேலை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கேக்கையும் தந்தூரியையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அம்பத்தூர்_தோழி:

கரன்ட் பில் பத்தி யாரும் பேசலையே?

உறையூர்_பொறியாளர்:

20 லிட்டர் சாதா மாடல் சுமார் 1,200 வாட் இழுத்து 700 வாட் அளவுக்கு உணவுக்குத் தரும். ஒரு தட்டு சாப்பாட்டுக்கு 2 நிமிடம் என்றால் 0.04 யூனிட். 25 முறை சூடாக்கினால் ஒரு யூனிட். இதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. கேஸ் மிச்சமாகும் என்று கடையில் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். ஒரு கிண்ணம் சாம்பார் சூடாக்க அடுப்பில் செலவாகும் கேஸும் சொற்பம்தான். கவனிக்க வேண்டியது வேறொன்று. கடிகாரம் மின்னும் மாடலைப் பிளக்கிலேயே விட்டால் 3 வாட் வீதம் வருடத்துக்கு 26 யூனிட் சும்மா போகும். சுவிட்சை அணைத்து வையுங்கள்.

கும்பகோணம்_மகள்:

நான் வேற ஒரு கோணத்துல சொல்றேன் அக்கா. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் இருக்கறது ஓசூர்ல, அப்பா கும்பகோணத்துல தனியா இருக்கார். அம்மா போனதுக்கப்புறம் எங்ககூட வந்துடுங்கன்னு எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தோம். அவருக்குக் காவேரியும் கோயிலும் தெருவும் வேணும், வர மாட்டேன்னுட்டார். சமைக்க ஒரு அம்மா காலைல வந்து மதியத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்து வச்சுட்டுப் போவாங்க. ராத்திரி சாப்பாட்டை அப்பா அடுப்புல சூடு பண்ணுவார். அங்கதான் பிரச்சனை வந்துச்சு. ரசத்தை வச்சுட்டு ஹால்ல செய்தி பார்க்க உட்கார்ந்துடுவார். ரசம் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் மட்டும் வந்துட்டிருக்கும். முன்ன மாதிரி அவருக்கு வாசனையும் தெரியறதில்ல. ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி நாத்தம் வருதேன்னு ஓடி வந்து ரெகுலேட்டரை மூடினாங்க. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு.

அதுக்கப்புறம் அடுப்பை ராத்திரி தொடவே வேண்டாம்னு சொல்லி 20 லிட்டர் சாதா மாடல் ஒண்ணு வாங்கி வச்சோம். பட்டன் வச்சது வேண்டாம்னு தேடி, ரெண்டே ரெண்டு திருகு இருக்கறதா எடுத்தோம். ஒண்ணு பவர், ஒண்ணு நேரம். பவர் திருகை மீடியத்துல வச்சு அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நேரத் திருகுல ரெண்டு நிமிஷத்துக்கு நேரா சிவப்பு நெயில் பாலீஷால ஒரு கோடு போட்டேன். சமைக்கற அம்மா ரெண்டு மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்துல சாதம் குழம்பு எடுத்து வச்சுடுவாங்க. அப்பா மூடியைக் கொஞ்சம் திறந்து உள்ள வச்சு, கோடு வரைக்கும் திருப்புவார். மறந்து போய் உட்கார்ந்தாலும் அது தானா நின்னுடும், ஒண்ணும் ஆகாது.

முதல்ல பயந்தார், தொட மாட்டேன்னார். தீபாவளி லீவுல பேரன் கூடவே நின்னு சொல்லிக் கொடுத்தான். இப்ப அவரே காபிக்குப் பாலும் சூடு பண்ணிக்கறார். போன்ல பேசும்போது பின்னாடி அந்த மணிச் சத்தம் கேட்டா எனக்கு மனசு நிம்மதியாகும். அப்பா சாப்பிட்டாச்சு, கேஸ் மூடியிருக்குன்னு அர்த்தம். எங்க வீட்டுக்கு அது வேணுமான்னு என்னைக் கேட்டா, ஆமாம்னு அடிச்சுச் சொல்வேன். ஓசூர் வீட்டுல எங்களுக்குக் கிடையாது, தேவையும் படலை.

அம்பத்தூர்_தோழி:

உங்க அப்பா விஷயத்துல நீங்க செஞ்சது ரொம்பச் சரி. ஆனா இண்டக்‌ஷன்லயும் டைமர் இருக்கே? காந்தம் ஒட்டற எவர்சில்வர் பாத்திரம்னா அதையே வைக்கலாம். இவங்க வீட்டுல இண்டக்‌ஷன் ஏற்கெனவே இருக்கு.

கும்பகோணம்_மகள்:

அதையும் யோசிச்சோம். குழம்பு ரசத்துக்கு இண்டக்‌ஷன் நல்லாவே இருக்கு. சாதத்தையும் பொரியலையும் அதுல சூடு பண்ணினா கிளறிட்டே நிக்கணும், இல்லாட்டி அடிப்பிடிக்கும். சூடான பாத்திரத்தை இடுக்கியால இறக்கற வேலையும் இருக்கு. அப்பாவுக்குக் கை லேசா நடுங்கும். அதனாலதான் வேண்டாம்னு விட்டோம்.

சேலம்_சர்வீஸ்:

நான் இந்த மிஷின்களைத்தான் பழுது பார்க்கறேன், அதை வச்சுச் சொல்றேன்.

எனக்கு வர்ற மிஷின்ல நிறைய, உள்பக்கச் சுவர்ல இருக்கற மைக்கா தகடு கருகினது. குழம்பு தெறிச்சுத் தெறிச்சு எண்ணெய்ப் பசை அதுல படிஞ்சு, அது கருகி, தீப்பொறி வரும். மக்கள் பயந்து மிஷினே போச்சுன்னு நினைச்சுடுவாங்க. தகடு விலை ரொம்பக் கம்மி. மூடி போட்டுச் சூடு பண்ணி, வாரம் ஒருதரம் ஈரத்துணியால துடைச்சாலே இது வராது. அடுத்தது வெறும் மிஷினை ஓட்டறது. குழந்தைங்க விளையாட்டா திருகிவிட்டா உள்ள சக்தியை வாங்க எதுவும் இருக்காது, மேக்னட்ரான் அடி வாங்கும். அது போச்சுன்னா செலவு பெருசு.

கரப்பான் பூச்சி மிஷினுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டுக்குப் போய் முட்டை வைக்கும். சமையல் மேடை ஓரத்துல வச்சிருக்கற வீட்டுல இது அதிகம். என்ன ஆனாலும் நீங்களே மூடியைக் கழட்டாதீங்க. உள்ள இருக்கற கெபாசிட்டர் 2,000 வோல்ட்டுக்கு மேல பார்க்கற சாமான். பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் நிக்கலாம், உயிருக்கே ஆபத்து.

பாயிண்ட் 16 ஆம்பியரா இருக்கணும், எர்த் கண்டிப்பா வேணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க. கன்வெக்‌ஷன் 2,000 வாட்டுக்கும் மேல இழுக்கற மாடலெல்லாம் உண்டு, அதே லைன்ல கிரைண்டரும் ஓடினா ட்ரிப் ஆகும். வீட்டு இன்வர்ட்டர்ல இது ஓடாது, கரன்ட் போனா அடுப்புதான். வோல்டேஜ் குறைஞ்ச ஊர்ல சூடும் குறையும், ரெண்டு நிமிஷ வேலை மூணு நிமிஷம் ஆகும்.

மதுரை_அடுக்களை:

சூடு பண்ண மட்டும்னு எல்லாரும் சொல்றதைப் பார்த்து எழுத வந்தேன். எனக்கு அதுல சமையலும் நடக்குது, ஆனா எல்லாத்துக்கும் அது சரிப்படாது.

நல்லா வர்றது: அப்பளம். லேசா எண்ணெய் தடவி முக்கால் நிமிஷம், பாதியில திருப்பிப் போடணும். சுட்ட அப்பளம் மாதிரியே பொரியும், எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம். ரவை வறுக்கலாம், அரை நிமிஷத்துக்கு ஒருதரம் கிளறிவிடணும். கறிவேப்பிலை பச்சை நிறம் மாறாம காயும், பொடி பண்ண அருமையா இருக்கும். நிலக்கடலை வறுபடும். உருளை, பீட்ரூட், சேனை எல்லாம் தண்ணி தெளிச்சு மூடி வச்சா வெந்துடும். உருளையை முழுசா வச்சா தோல்ல முள்கரண்டியால குத்திடணும். திரட்டுப்பால் எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் இதுலதான். கண்டென்ஸ்டு மில்க், ரெண்டு ஸ்பூன் கெட்டித் தயிர், நெய். பெரிய கண்ணாடிக் கிண்ணத்துல வச்சு நடுநடுவே எடுத்துக் கிளறினா பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். கிண்ணம் சின்னதா இருந்தா பொங்கி மிஷின் பூரா வழியும்.

வராதது: தோசை, பூரி, வடை, பஜ்ஜி. சூடு பண்ணினா தொவண்டு போகும், ஆறினா ரப்பர். அதுக்கு ஏர் ஃபிரையர் இல்லைன்னா தோசைக்கல்லு. தாளிப்பு வரவே வராது. முட்டையை ஓட்டோட வச்சீங்கன்னா வெடிக்கும், உரிச்ச அவிச்ச முட்டையும் வெடிக்கும். தண்ணியை மட்டும் ரொம்ப நேரம் வச்சு, எடுத்த கையோட காபித்தூள் போடாதீங்க. கொப்புளம் தெரியாம ஏறின சூடு ஒரேயடியாப் பொங்கிக் கையில கொட்டும்.

இட்லி மறுபடி சூடு பண்ண இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. தண்ணி தெளிச்சு ஈரத்துணி மூடி, நாலு இட்லிக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டாம். அப்பதான் தட்டுல இருந்து எடுத்த மாதிரி இருக்கும். இடியாப்பத்துக்கும் இதேதான்.

ராணிப்பேட்டை_உணவியல்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மைக்ரோவேவ் வந்த வீடுகளில் மீந்ததை வெளியிலேயே வைத்துவிட்டு, சாப்பிடும்போது சூடு பண்ணிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது ஆபத்து. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சை விடும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. காலையில் வடித்த சோறு ராத்திரி பதினோரு மணிக்கு என்றால், சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சூடாக்கும்போது பாதியில் எடுத்துக் கிளறி, முடிந்ததும் ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். ஒரு மூலை கொதிக்கும், இன்னொரு மூலை சில்லென்று இருக்கும். அலைகள் அப்படித்தான் விழும். இதே காரணத்தால் குழந்தைப் பால்புட்டியை இதில் வைக்கவே கூடாது. புட்டியை மேலே தொட்டால் ஆறியிருக்கும், உள்ளே இருக்கும் பால் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும்.

மெலமைன் தட்டு, ஓட்டல் பார்சல் டப்பா, அலுமினியத்தாள், ஜரிகைக் கோடு போட்ட பீங்கான் எதுவும் வேண்டாம். ஆச்சி, பூச்சில்லாத மண்சட்டியும் கூடாது. நீர் உறிஞ்சியிருந்தால் சட்டியே சூடேறி விரிசல் விடும்.

தென்காசி_ஆச்சி:

சரி, நம்ம சட்டி அடுப்புலயே இருக்கட்டும். கதிர் பயம் எனக்குத் தெளிஞ்சுட்டு, சொன்ன தம்பி நல்லா இருக்கணும்.

சிங்காநல்லூர் பிள்ளை, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நாலரைக்கு பேத்திக்கு யாரு சூடு பண்ணிக் கொடுக்கா? பதினொரு மணிக்கு மவனுக்கு யாரு? உன் அத்தைதானே? நானும் அப்படித்தான் இருந்தேன். முட்டி வலிச்சாலும் எந்திரிச்சுப் போயி சூடு பண்ணிப் போட்டாத்தான் எனக்குத் திருப்தி. பொட்டி வந்தா அந்த வேலை போயிருமோன்னு அவளுக்கு இருக்கும். அதை எடுத்துப் பேசி, அவ கையாலேயே வாங்க வை. உங்க பாட்டுக்கு வாங்கிட்டு வந்து இறக்காதீங்க.

கோவை_சிங்காநல்லூர்:

ஆச்சி, நீங்க சொன்னதைப் படிச்சதும் அன்னிக்கு வேற எதுவும் ஓடல. நீங்க சொன்ன மாதிரியேதான் நடக்குதுங்க. கொஞ்ச நாள் கவனிச்சுப் பார்த்தேன். சாயந்திரத்துல இருந்து ராத்திரி வரைக்கும் சூடு பண்றதுக்குன்னே அத்தை நாலஞ்சு தடவை எந்திரிக்கறாங்க. பேத்திக்கு ஒருதரம், மாமாவுக்கு வெந்நி, எனக்கு, கடைசியா இவருக்கு. இவர் வர்ற வரைக்கும் முழிச்சிருந்து சூடு பண்ணிக் கொடுத்துட்டுத்தான் படுக்கறாங்க. காலைல அஞ்சு மணிக்கு வாசல் தெளிக்க மறுபடி எந்திரிச்சுடுவாங்க. சமையல்ல நாங்க எல்லாம் கை கொடுக்கறோம், இந்த வேலை மட்டும் வேலைன்னே எங்க யார் கண்ணுலயும் படலை.

அத்தைகிட்ட உட்கார்ந்து பேசினேன். "எனக்கு என்ன சிரமம்"னுதான் முதல்ல சொன்னாங்க. அப்புறம், ராத்திரி மட்டும் அவனே சூடு பண்ணிக்கிட்டா நான் ஒம்பதரைக்குப் படுத்துக்குவேன்னு அவங்களே சொன்னாங்க. சாம்பார் மட்டும் அடுப்புலதான் சூடு பண்ணுவேன்னு ஒரு கண்டிஷன். நானும் சரின்னுட்டேன்.

கன்வெக்‌ஷன் வேண்டாம்னு முடிவாயிடுச்சு. ரெண்டு திருகு வச்ச 20 லிட்டர் சாதா மாடல். ஞாயித்துக்கிழமை அத்தையையும் கூட்டிட்டுப் போறோம். இடம் மட்டும் இன்னும் தீரலை. ஃபிரிட்ஜ் மேல வைக்கலாம்ங்கறார் வீட்டுக்காரர், சரியா வருமாங்க?

சேலம்_சர்வீஸ்:

ஃபிரிட்ஜ் மேல வேண்டாம்ங்க. ரெண்டும் சூடு விடற சாமான், அதோட சுடச்சுட கிண்ணத்தைத் தலைக்கு மேல இருந்து இறக்கறது பெரியவங்களுக்கு ஆபத்து. சாப்பாட்டு மேஜை பக்கத்துல, இடுப்பு உயரத்துக்கு ஒரு கனமான ஸ்டாண்டு போடுங்க. பின்னாடி நாலு விரல், மேல ஒரு ஜாண் இடம் விடுங்க. ஹால்ல 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லைன்னா மிஷின் வர்றதுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தோட தனி லைன் இழுத்துடுங்க.

மதுரை_அடுக்களை:

கூடவே மூடி போட்ட போரோசிலிகேட் (சூடு தாங்கற) கண்ணாடிக் கிண்ணம் மூணு வாங்கிடுங்க. அரை லிட்டர் அளவு ரெண்டு, ஒரு லிட்டர் ஒண்ணு. பெருசா எடுத்தா உள்ள தட்டு சுத்தும்போது சுவர்ல இடிக்கும். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த கிண்ணத்தை அப்படியே ஹைல வைக்காம முதல்ல மீடியத்துல வைக்கச் சொல்லுங்க. மூடி பிளாஸ்டிக்கா இருந்தா கிளிப்பைக் கழட்டிச் சும்மா மேல வச்சா போதும்.